ஏன் ஜெயித்தேன்?

"செக்மேட்" என்று சொன்னவர் எக்ஸ்ரேக்காரர்தான். ஆனால் அது எப்படி ஆயிற்று என்பது அவருக்கே புரியவில்லை.

"பிரமாதம்!" என்று பல் டாக்டர் கையைக் குலுக்கிவிட்டுப் பையைத் தூக்கினார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். உங்க ராஜா தானாத்தானே வந்து மூலையில மாட்டிக்கிச்சு?"

"நீங்க நெருக்கின நெருக்குல வந்துச்சு சார். எங்கேயோ போயிட்டீங்க!"

நூலகத்து மாடியில் இருந்த அந்தச் செஸ் மன்றத்தில் இது அவருக்குத் தொடர்ந்து பதினோராவது வெற்றி. அதற்கு முன் ஆறு வருடம் தோல்விதான். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. மருத்துவமனையில் எலும்பு விரிசலைத் தேடுவதுபோல ஒவ்வொரு தோல்வியையும் அலசி, நோட்டில் எழுதினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். இப்போது 'தவறு' என்ற தலைப்புக்குக் கீழே பதினோரு பக்கம் காலி.

"ஜெயிச்சிட்டு வந்து யாராவது மூஞ்சியத் தொங்கப் போடுவாங்களா?" என்றாள் மனைவி.

"ஏன் ஜெயிச்சேன்னே தெரியலையே!"

"ஏன் உங்களைக் கட்டிக்கிட்டேன்னு தெரியாம நான் பதினெட்டு வருஷம் ஓட்டலையா? சாப்பிடுங்க."

படித்ததன் பலனோ என்று சந்தேகப்பட்டு, செஸ் புத்தகங்களைப் பரணில் போட்டார். மறுபடி ஜெயித்தார். சரி, வேண்டுமென்றே சொதப்பிப் பார்ப்போம் என்று மருந்துக்கடைக்காரர் முன்னால் ராணியை அம்போவென்று நிறுத்தினார். எந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலையும் படித்துவிடும் அந்த மனிதரின் கண்ணில் ராணி படவில்லை.

"சார், என் ராணி சும்மா நிக்குது."

"பொறி வைக்கிறீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றவர், பத்தாவது நிமிடம் தோல்வியை ஒப்புக்கொண்டு செருப்பை மாட்டினார்.

வினை அங்கேதான் முற்றியது. மன்றத்தின் வெற்றிப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்தான் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் மன்றத்துக்குப் போய் அவர்களுடைய சாம்பியனோடு மோத வேண்டும். அறிவிப்புப் பலகையில் தன் பெயரைப் பார்த்ததும் எக்ஸ்ரேக்காரர் நேராகப் பல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து காய்களை அடுக்கினார்.

"டாக்டர், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு தடவை என்னைத் தோக்கடிங்க. முதலிடம் போயிடும்."

"உங்களையா? என்னால ஆகுமா சார்?"

எட்டாவது நகர்த்தலில் எக்ஸ்ரேக்காரர் பொறுமையிழந்து தன் ராஜாவைத் தானே கவிழ்த்தார். "போதும், நான் தோத்துட்டேன்!"

பல் டாக்டரின் முகம் வெளிறியது. பாய்ந்து ராஜாவை நிமிர்த்தினார். "கை தவறிப் பட்டுடுச்சு, செல்லாது, செல்லாது!" என்றபடி தன் ராணியைக் கொண்டுபோய் வெட்டுக்குக் கொடுத்து, "ஆட்டம் உங்களுது!" என்று இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

எக்ஸ்ரேக்காரர் பலகையையே வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். சாவிக் கொத்தோடு காவலாளி வந்தார்.

"அண்ணே, நான் எப்படித்தான் ஜெயிக்கிறேன்? உங்களுக்காவது தெரியுமா?"

காவலாளி படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க தோத்தா, ஏன் தோத்தேன்னு ஜெயிச்சவரை ரெண்டு மணி நேரம் உக்கார வச்சு விளக்குறீங்கன்னு, உங்களை யாரும் தோக்கடிக்கக் கூடாதுன்னு மீட்டிங் போட்டு முடிவு பண்ணியிருக்காங்க சார், ஞாயித்துக்கிழமை நீங்க தாராளமாத் தோத்துட்டு வாங்க, அங்கே கதவைப் பூட்டுறவன் நான் இல்ல!"