மாடு தின்ற உமி

பொய்யே சொல்லாத மனிதர்கள் உலகத்தில் நிறைய இருக்கலாம். அடுத்தவர் சொல்லச் சொன்ன பொய்யைக்கூட, அது யார் சொல்லச் சொன்னது என்ற விவரத்தோடு சேர்த்துச் சொல்பவர் ஒருவர்தான். அவர் எங்கள் அப்படியே பாய்.

வாணியம்பாடிக்காரர். தோல் கம்பெனியில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மொழிபெயர்த்து ஓய்வு பெற்றவர். நடுவில் முதலாளி கொட்டாவி விட்டால் அதையும் இங்கிலீஷில் சொல்வாராம். கேட்டால், "நமக்கு இன்னாங்க? அவங்க சொன்னத அப்படியே சொல்றேன்" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜவ்வாது மலையில் எங்கள் திட்டத்துக்கும் அவர்தான் மொழிபெயர்ப்பாளர், நான் அலுவலக உதவியாளன். ஒரு ஐரோப்பிய நாடு மலைப் பெண்களுக்கு உமி நீக்கும் மிஷின் கொடுத்திருந்தது. அந்த ஊர் தானியத்துக்குச் செய்த மிஷின். எங்கள் சாமையைப் போட்டால் பாதி உமியோடு பறந்துவிடும். பெண்கள் பழையபடி உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரோ எல்லாம் அமோகம் என்று அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் கட்ட உதவியை முடிவு செய்ய அந்த நாட்டு மேடம் வருவதாகத் தகவல் வந்தது. அவர் கையை விரித்தால் மிஷினைப் பூட்ட வேண்டியதுதான், என் வேலையும் அதோடு சரி. எனக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. மேனேஜர் ஒரு யோசனை சொன்னார்: ஏற்கெனவே தீட்டிய சாமை அரிசியையே மிஷினில் கொட்டிக் காட்டுவது. செங்கம் சந்தைக்குப் போய் அந்த மூட்டையை வாங்கி வந்தவன் நான்தான்.

வந்த அன்று கூட்டத்தில் மேடம் எழுந்து, நீடித்த வளர்ச்சிக்காக எல்லா நாடுகளோடும் கைகோப்பது தங்கள் நாட்டின் உறுதி என்றார். பெண்கள் குழுத் தலைவி காசியம்மா வாய்க்குள், "நீடிக்கிறது இருக்கட்டும், மொதல்ல ஓடட்டும்" என்றார். பாய் அதையும் மொழிபெயர்த்தார். மேனேஜருக்கு முதல் வியர்வை அப்போது வந்தது.

மிஷின் ஓடியது. பளபளவென்று அரிசி கொட்டியது. எல்லோரும் கைதட்ட, மேடம் மட்டும் பின்பக்கம் போய், உமி விழும் குழாயில் கையை விட்டுப் பார்த்தார்.

"உமி எங்கே?"

மேனேஜர் பாயின் காதில், "மாடு துன்னுடுச்சின்னு சொல்லுங்க பாய்" என்றார்.

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார்: "மாடு தின்றுவிட்டது என்று மேனேஜர் என்னைச் சொல்லச் சொல்கிறார்."

மேனேஜர் சொன்னது காதில் விழுந்த காசியம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "இன்னா சார் இது! இது கடையில வாங்குன அரிசிங்க மேடம். எங்க சாமையப் போட்டா பாதி பறந்துடுது. சல்லடைய மாத்திக் குடுங்கன்னு எத்தினி வாட்டி கேக்கிறது?" என்று தொடையில் அடித்தார். பாய் சொல்லோடு சேர்த்து அந்த அடியையும் தன் தொடையில் மொழிபெயர்த்தார்.

மேடம் உமியோடு இருந்த சாமையைக் கொண்டுவரச் சொல்லி, தானே மிஷினில் போட்டார். பறந்தது. பறந்து விழுந்ததில் ஒரு பிடியைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த அரிசியை வாங்கி வந்தது யார்?"

பாய் என்னைப் பார்த்தார். அவரிடமா தப்பிக்க முடியும்?

"நான்தான் பாய். சொல்லிடுங்க."

பாய் மேடம் பக்கம் திரும்பினார். "டீ ஆறிக்கொண்டிருக்கிறது, மேடம்."

இரண்டாம் கட்டம் வந்தது. அதில் முதல் வேலையே காசியம்மா குழுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சல்லடையை மாற்றுவதுதான். மேனேஜர் மாற்றலாகிப் போனார். என் வேலை தப்பியது.

"இன்னா பாய், அன்னிக்கு நான் சொன்னத அப்படியே சொல்லலையே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வயசாச்சுல்ல தம்பி, ஒண்ணு ரெண்டு வுட்டுப்போவுது" என்றார்.

அவர் வாழ்நாளில் விட்டுப்போன ஒரே வரி அதுதான்.