ஹாலிவுட் மாரிமுத்துவின் கருமாதி

ரோத்தான் அண்ணனைப் போலப் பொய் சொல்ல மலாயாவில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அவருக்கு முன்னால் வாயைத் திறந்திருக்க மாட்டார். இதை யாரோ சொல்லக் கேட்டு நான் எழுதவில்லை. ஈப்போவில் ஊமைப் படம் ஓடிய காலத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்த பாவி நான்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அப்போது படம் பேசாது. ஹாலிவுட்டில் எடுத்த படம் சிங்கப்பூர், பினாங்கு எல்லாம் சுற்றி, கிழிந்து, ஒட்டுப் போட்டு, கடைசியில் எங்கள் முதலாளியான சீனத் தவுக்கேயின் தகரக் கொட்டகைக்கு வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம் ரப்பர்த் தோட்டத்து ஜனங்களுக்கு. சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருக்கும். உள்ளே எல்லோரும் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, யார் யாருக்கு என்ன உறவு, இப்போது என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் அண்ணனுடைய உத்தியோகம். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு பிரம்பு வைத்திருப்பார். மலாய்க்காரர்கள் ரோத்தான் என்பார்களே, அது. அதை வைத்துத் திரையில் தட்டித் தட்டிக் காட்டுவார். அப்பா அம்மா அவருக்கு வைத்த பேர் என்னவென்று தவுக்கேக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்க வராது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் கிடையாது. படத்துக்கு நடுவில், பத்து வருஷம் கழித்து என்று இங்கிலீஷில் எழுத்துப் போடுவான். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மழ வருது, எல்லாரும் உள்ள வாங்கன்னு ஆயா கூப்புடுது" என்பார். முத்தக் காட்சி வந்துவிட்டால், கொட்டகையில் பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்களே, என்ன செய்வது? "அந்தப் பொண்ணுக்குப் பல்லு வலி. அவரு கிட்டப் போய்ப் பாக்குறாரு. இன்னும் பாக்குறாரு. கடவாப்பல்லு போல இருக்கு." நான் அதற்கு ஏற்ற மாதிரி வாசிக்க வேண்டும். பல்வலிக்கு எந்த ராகம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாரும் இல்லை.

இதெல்லாம் சில்லறைப் பொய்கள். பெரிய பொய்யின் பேர் மாரிமுத்து.

அந்தப் படங்களில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு வெள்ளைக்காரர் வருவார். தொங்கு மீசை, பானை வயிறு, இப்போதுதான் தூங்கி எழுந்து வந்த மாதிரி ஒரு முகம். ஒரு படத்தில் போலீஸ்காரர், இன்னொன்றில் சமையல்காரர், வேறொன்றில் பாதிரியார். இரண்டு நிமிஷம் வருவார், யாராவது தள்ளிவிடுவார்கள், விழுவார், போய்விடுவார். சுவரொட்டியில் அவர் பேர் இருக்காது. அவருக்குத்தான் மாரிமுத்து என்று பேர் வைத்து வளர்த்தார் எங்கள் அண்ணன்.

"ஏண்ணே, கதாநாயகன் அவ்வளவு அழகா இருக்கான், அவன விட்டுட்டு இந்த ஆளப் போய்ப் புடிச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, அவனுக்கு என்னா வேல? குதிரையில போறான், பொண்ணுக்குப் பல்லு பாக்குறான். படத்துல வேல செய்யிற ஆளு மாரிமுத்து ஒருத்தருதான்லா. நம்ம சனம் யாரப் பாக்கணும், நீயே சொல்லு."

படங்கள் தனித்தனி என்பதை அண்ணன் ஒப்புக்கொண்டதே இல்லை. எல்லாம் சேர்ந்து மாரிமுத்துவின் ஒரே வாழ்க்கை. திருடனைத் தப்பவிட்டதால் போலீஸ் வேலை போயிற்று. பிறகு பங்களாவில் சமையல்காரராகச் சேர்ந்தார். கலியாண கேக்கின் மேல் உட்கார்ந்துவிட்டதால் அதுவும் போயிற்று. மனசு வெறுத்துப் பாதிரியார் ஆனார். படங்கள் முன்னும் பின்னுமாக வந்து சேருவதால் ஒரு வாரம் மாரிமுத்துவுக்குத் தலை நரைத்திருக்கும், மறுவாரம் கன்னங்கரேல் என்று இருக்கும். "மை வாங்கிப் பூசியிருக்காரு, பொண்டாட்டி அம்மா வூட்டுலேருந்து வரப்போவுது" என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துவிடுவார். பெண்டாட்டி வரவே இல்லை. பிள்ளையும் இல்லை. அந்த வருத்தத்தையும் அண்ணன் அவ்வப்போது சொல்லி உருக வைப்பார்.

ஒரு வாரம் மாரிமுத்து திடீரென்று கோர்ட்டில் நீதிபதியாக வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வாசிப்பை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தேன். மனுஷன் இன்றைக்கு மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் அசரவே இல்லை.

"ஜட்ஜ் ஐயாவுக்குக் காய்ச்சல். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் இவர உக்காரச் சொல்லியிருக்காங்க."

கொட்டகையே கைதட்டியது.

முன்வரிசைக்குத் தலைவி அஞ்சலை அக்கா. சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவர். கதாநாயகன் மலை உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருப்பான். அக்கா எழுந்து நின்று, "அது கெடக்குதுண்ணே! மாரிமுத்துக்கு வேல கெடச்சிச்சா இல்லியா, அத மொதல்ல சொல்லுங்க" என்பார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்துவைச் சுட்டுவிட்டார்கள். சாராயக் கடையில் கோப்பை துடைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு நின்றார். யாரோ யாரையோ சுட, குண்டு இவர் மேல் பாய்ந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் சரிந்தார். கதாநாயகன் அவரைத் தாண்டிக் குதித்து ஓடினான், ஏன் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணனுக்குப் படத்தை முன்கூட்டிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. திறந்த வாய் மூடாமல் நின்றார். அவருக்குப் பொய் வராமல் போனதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அதற்குள் முன்வரிசையில் ஒப்பாரி கிளம்பிவிட்டது.

"அழுவாதீங்கக்கா! தோள்ல லேசா அடி. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. அடுத்த வாரம் எந்திரிச்சு வந்துருவாரு!"

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. மூன்று மாதமாகப் புதுப் படங்கள் வந்தன, எதிலும் மாரிமுத்து இல்லை. அண்ணனுக்குக் கதை சொல்வதில் புத்தியே போகவில்லை. திரையில் கதாநாயகிக்குக் கலியாணம் நடந்துகொண்டிருக்கும், இவர் பின்னால் நிற்கும் விருந்தாளிகளின் மீசையை ஒவ்வொன்றாகப் பிரம்பால் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அஞ்சலை அக்கா பாதிப் படத்தில் எழுந்துவிட்டார்.

"அண்ணே, எங்ககிட்ட மறைக்காதீங்க. மனுசன் போயிட்டாரு. காரியம் செஞ்சாச்சா?"

"இல்லக்கா... அமெரிக்காவுல என்னா வழக்கம்னா..."

"வழக்கம் கெடக்கட்டும். புள்ளயில்லாத மனுசன், பொண்டாட்டியும் இல்ல. யாரு செஞ்சா? அவர அந்தரத்துல அலைய வுட்டுட்டு எங்களுக்கு வாயாங் படம் பாக்க மனசு வரல. எந்திரிங்கடி."

முன்வரிசை எழுந்தது. அதோடு பின்வரிசையும் எழுந்தது. மறு ஞாயிறு கொட்டகையில் இருந்தது நாங்கள் இரண்டு பேரும் ஒரு பூனையும்தான். தவுக்கே வந்து காலி பெஞ்சுகளைப் பார்த்தார்.

"ஓராங் தமிழ் தாமாவ் மாரி, லூ பூன் தாபாயா மாரி!" என்றார். தமிழர்கள் வராவிட்டால் நீயும் வரவேண்டாம் என்று அர்த்தம். அண்ணனுக்கு அந்தக் கொட்டகையை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது, வீடும் கிடையாது. திரைக்குப் பின்னால்தான் பாய் விரித்துப் படுப்பார்.

காரியமெல்லாம் அமெரிக்காவிலேயே முடிந்துவிட்டது என்று ஒரு பொய் போதும். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் வந்து, "தம்பி, ஞாயித்துக்கெழம வெள்ளன எந்திரி. கிந்தா ஆத்துக்குப் போலாம்" என்றார்.

போனேன். ஆற்றங்கரையில் அஞ்சலை அக்காவின் தோட்டமே வந்து நின்றது. நடுவில் ஒரு பலகையில் கிழித்தெடுத்த சுவரொட்டி. சுவரொட்டியில் மாரிமுத்துவின் முகத்துக்கு எங்கே போவது? கதாநாயகிக்குப் பின்னால் அவருடைய முழங்கை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அந்த முழங்கைக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, முன்னால் தேங்காய் உடைத்து வைத்திருந்தார்கள்.

பூசாரி கேட்டார்: "செத்தவரு பேரு?"

"மாரிமுத்து" என்றார் அண்ணன்.

"ஊரு?"

"ஹாலிவுட்டு."

"அது எந்தப் பக்கம்?"

"திருச்சிக்குக் கொஞ்சம் மேக்க."

பூசாரி தலையாட்டிவிட்டு எள்ளை எடுத்தார். "தம்பி மொறையில நீங்க செய்யிறீங்க, மொட்ட போட்டு மீசய எடுக்கணும்" என்றார்.

அண்ணனுடைய மீசை ஈப்போவில் பேர் பெற்ற மீசை. அதை எடுக்கச் சொல்லிவிட்டார்களே என்று எனக்கே பதறியது. அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா? அது நடிப்பு. சுட்டு முடிஞ்சதும் எந்திரிச்சு, மண்ணத் தட்டிட்டு வூட்டுக்குப் போயிருப்பான் அந்த ஆளு."

"அது எனக்குத் தெரியாதா? படம் சொல்றவனுக்கே படத்தப் பத்திச் சொல்றியே நீ." பலகைப் பக்கம் கையைக் காட்டினார். "ஆனா மூணு மாசமா ஆளக் காணுமே தம்பி. நெசமாவே போயிருந்தா? கதாநாயகன் செத்தா சிங்கப்பூர்ப் பேப்பர்ல படத்தோட போட்டுருவான். இவரு செத்தா நமக்கு யாரு சொல்லப்போறா?"

அவர் போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தார்.

அன்றைக்கு மத்தியானமே ஆட்டம். ஆற்றிலிருந்து எல்லோரும் நேரே கொட்டகைக்கு வந்தார்கள். ஒரு பெஞ்சு பாக்கியில்லை, தவுக்கே முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மீசையில்லாத புது முகத்தோடு அண்ணன் பிரம்பைத் தூக்கினார். விளக்கை அணைத்தார்கள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஒரு பெரிய வீடு, பெரிய விருந்து. சமையலறைக் கதவு திறந்தது. சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, தொங்கு மீசையோடு, தூக்க முகத்தோடு வந்தார் மாரிமுத்து.

என் விரல் கட்டையிலேயே நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறவருக்குக் கருமாதி செய்வதைவிடப் பெரிய அபசகுனம் உண்டா? இன்றோடு அண்ணன் கதை முடிந்தது. ஈப்போவை விடுங்கள், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் வரைக்கும் இனி ஒருத்தரும் இவர் சொல்லைக் கேட்கப் போவதில்லை. நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டேன். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்றும் யோசித்தேன்.

அண்ணன் கையிலிருந்து பிரம்பு விழுந்தது.

"டேய் மாரிமுத்து..." என்றார். "எங்கடா போயிட்ட இத்தன நாளா? இருக்கியா நீ?"

அது ஜனங்களுக்குச் சொன்னதல்ல. அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அழுதுகொண்டிருந்தார்.

அஞ்சலை அக்கா மெதுவாக எழுந்தார். திரையில் இருந்த மீசையைப் பார்த்தார், கீழே இருந்த மொட்டையைப் பார்த்தார்.

"கருமாதி முடிஞ்ச பொறவும் எந்திரிச்சு வந்துட்டாருன்னா ஆயுசு கெட்டிலா அவருக்கு! நூறு வயசு இருப்பாரு! அண்ணே, ஆளு ரொம்ப எளச்சிப் போயிட்டாரு பாருங்க. சாப்ட்டாரான்னு கேளுங்க."

அண்ணன் திரையை நிமிர்ந்து பார்த்தார். "மாரிமுத்து, சாப்ட்டியாடா?"

மாரிமுத்து சட்டியை மேசையில் வைத்தார். விருந்தாளிகள் யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், கரண்டியை விட்டு ஒரு வாய் மொண்டு குடித்தார்.

"சாப்டுறாரு! சாப்டுறாரு!" என்று கொட்டகையே எழுந்து நின்று கத்தியது.

அதற்குமேல் கதை யாருக்கும் தேவைப்படவில்லை. நான் ஆர்மோனியத்தை விட்டு எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன். என் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்து, "கண்ணத் தொடைங்கண்ணே, படம் ஓடுது" என்றேன். அந்த மனுஷன் மேல் எனக்கு இருந்த பிரியத்தைச் சொல்ல அதைவிட நல்ல வார்த்தை அப்போது வாயில் வரவில்லை. இப்போதும் வரவில்லை.