பொள்ளாச்சி வேல்முருகன்

“அம்புட்டு இல்ல. அவ்வளவு. எங்க, சொல்லு?”

“அவ்வளவு” என்றாள் இந்து. அடுத்த நொடியே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “அப்பா, அங்கிட்டுப் பாரு, இன்னும் அம்புட்டுக் காத்தாடி!” என்று கத்தினாள்.

வேல்முருகன் மகளின் வாயைப் பொத்தினார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தது உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளைத்தான். ஆனால் தன் குடும்பத்தைத்தான் பார்க்கிறார் என்று வேல்முருகனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இரண்டு மாதத்துக்கு முன்புவரை அவர் இப்படி இல்லை. மூணாறில் ஒரு டீ ஃபேக்டரியில், சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இலை எப்படித் தூளாகிறது என்று விளக்கிச் சொல்வது அவர் வேலை. பத்து வருஷமாகச் சத்தமாக, சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். “வாடுனாத்தேன் டீ. அரைச்சாத்தேன் டீ. காஞ்சாத்தேன் டீ” என்று வேல்முருகன் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிற முப்பது விநாடி. அதற்கு அவள் வைத்த பெயர் ‘தேன் டீ’. ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஃபேக்டரிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், “அண்ணா, தேன் டீ எந்த பாக்கெட்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

எனவே பாலக்காட்டில் கல்பாத்தித் தேருக்குப் போகவேண்டும் என்று மனைவி சித்ரா மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இந்த வருஷம் சம்மதித்தபோது, வேல்முருகன் ஒரு நிபந்தனை போட்டார்.

“மல எறங்குனதுல இருந்து திரும்பி ஏறுற வரைக்கும் நம்ம பேச்சு பேசக்கூடாது. வெளி ஆளுக முன்னால புள்ள வாயவே தெறக்கக்கூடாது.”

“அப்ப ஊமையா வரணுமா?” என்றாள் சித்ரா.

“நாகரிகமா வரணும்.”

பொள்ளாச்சியில் பாலக்காடு பஸ்ஸுக்கு மாறினார்கள். வேல்முருகனுக்கு அங்கேதான் வழி பிறந்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் என்ன மரியாதையாகப் பேசுகிறார்கள்! டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டும்போதுகூட “சூடுங்க, பாத்துங்க” என்கிறார். இதுதான் பேச்சு. இதில் ஒன்றும் கஷ்டம் இல்லை, கடைசியில் ஒரு ‘ங்க’ போட்டால் ஆயிற்று.

உடனே கண்டக்டரிடம் சோதித்துப் பார்த்தார். “ஏனுங்க, பாலக்காட்டுக்கு ரெண்டரை டிக்கெட்டுங்க.”

கண்டக்டர் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுத்தார். வேல்முருகனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்து நிமிர்ந்து அப்பாவின் வாயைப் பார்த்தாள்.

“அப்பா, ஒனக்கு வாய்ல என்னப்பா?”

“ஒண்ணுமில்லீங்க கண்ணு.”

இந்து அம்மாவைப் பார்த்தாள். சித்ரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பிரச்சினை அடுத்த சீட்டில் உட்கார்ந்தது. அறுபது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, மடியில் ஒரு கட்டு முருங்கைக்காய். பெயர் சின்னையன், ஊர் கொழிஞ்சாம்பாறை, தென்னந்தோப்பு உண்டு, பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார் என்பதெல்லாம் இரண்டே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

“ஏனுங்க, தேருக்குங்களா?”

“ஆமாங்க.”

“எந்தூருங்க?”

வேல்முருகன் ஒரு கணம்தான் தயங்கினார். “பொள்ளாச்சிங்க.”

“அட! நம்மூட்டுக்காரிக்கும் பொள்ளாச்சிதானுங்க. பொள்ளாச்சில எங்கீங்க?”

“பொள்ளாச்சிலயேதானுங்க.”

“அது செரிங்க. எந்த வீதிங்க? சந்தைக்கு இக்கட்டாலயா, அக்கட்டாலயா?”

வேல்முருகன் கண்ணை மூடினார். தூங்குவது ஒன்றுதான் வழி என்று பட்டது. சின்னையன் அவர் கண்விழிக்கும்வரை காத்திருப்பதற்குத் தயாராக, முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆகவே பாலக்காடு வரும்வரை வேல்முருகன் விழிக்க முடியவில்லை. கழுத்து ஒருபக்கமாகச் சுளுக்கிக்கொண்டது. எல்லை தாண்டியதோ, வழியில் மயில் நின்றதோ எதுவும் பார்க்கவில்லை. இந்து மட்டும் இரண்டுமுறை, “அப்பா… அப்பா…” என்று அவர் சட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

பாலக்காட்டில் இறங்கியதும் கூட்டத்தில் நுழைந்து சின்னையனை எப்படியோ உதறினார்கள். கல்பாத்தியில் தெருவெல்லாம் தலை. செண்டை மேளச் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு வீட்டு வாசலில் அண்டா நிறைய மோர் வைத்துக்கொண்டு ஒரு மாமி, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்கோ, வெயில்ல வந்திருக்கேள். மோர் சாப்பிட்டுட்டுப் போங்கோ.”

இங்கே பேச்சு வேறு என்று வேல்முருகனுக்குப் புரிந்தது. பொள்ளாச்சி இங்கே செல்லாது. மாற்றினார்.

“பேஷா சாப்பிடறேனுங்கோ. நம்மாத்துல எல்லாரும் மோர் சாப்பிடுவாங்கோங்க.”

சித்ராவுக்கு மோர் மூக்கில் ஏறிவிட்டது. அவள் இருமி இருமிக் கண்ணீர்விட, மாமி பதறிப்போய் அவள் தலையில் தட்டினார். “மெல்ல, மெல்ல! ஆர் இவா, எங்கேர்ந்து வந்திருக்கா?” என்று மாமி உள்ளே யாரிடமோ கேட்டபோது, உள்ளே இருந்தவர் சொன்ன பதில் வேல்முருகனுக்குக் காதில் விழவில்லை. சிரிப்பு மட்டும் விழுந்தது. முகம் சிவந்துபோய் சித்ராவை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார்.

இழுத்தது சித்ராவை மட்டும்தான் என்பது நூறடி தாண்டியபிறகுதான் தெரிந்தது.

“இந்து எங்கங்க?”

இரண்டுபேரும் திரும்பி ஓடினார்கள். மோர் அண்டா இருந்தது, மாமி இருந்தார், இந்து இல்லை. தேர் அசைய ஆரம்பித்து, தெருவில் இருந்த மொத்த ஜனமும் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

“இந்…” என்று சித்ரா தொண்டையைத் திறந்தாள்.

“கத்தாத! ஊரே திரும்பிப் பாக்கும்.”

“திரும்பிப் பாத்தாத்தானங்க புள்ள கெடைக்கும்!”

“நான் கூப்பிடுறேன்.” வேல்முருகன் குரலைத் திருத்திக்கொண்டு, செண்டைச் சத்தத்துக்கு நடுவே மிருதுவாகக் கூப்பிட்டார். “இந்து கண்ணு… எங்கீங்க இருக்கீங்க…”

சித்ரா அவரை ஒரு பார்வை பார்த்தாள். “நீங்க இப்பிடியே கொஞ்சிக்கிட்டு இருங்க. நான் அடுத்த தெருவுல போய்த் தேடுறேன்” என்று பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அப்போது தோளில் ஒரு கை விழுந்தது. முருங்கைக்காய் வாசம்.

“பொள்ளாச்சிக்காரரே! தூக்கம் கலைஞ்சுதுங்களா?”

வேல்முருகன் அழாக்குறையாக விஷயத்தைச் சொன்னார். அந்த நேரத்திலும் ‘ங்க’ போட மறக்கவில்லை. சின்னையன் நல்ல மனிதர். ஒரு கேள்வி கேட்காமல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறிவிப்புப் பந்தலில் நிறுத்தினார். அடுத்த நிமிஷம் நாலு தெருவுக்கும் ஒலிபெருக்கி முழங்கியது.

“பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும் வேல்முருகன் அவர்களின் மகள் இந்து, எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும்.”

யாரும் வரவில்லை. மூன்றுமுறை சொன்னார்கள். நான்காவது முறை வேல்முருகனே மைக்கை வாங்கி, “கண்ணு, அப்பா பேசறேனுங்க, வாங்க கண்ணு” என்றார். ஒரு நாய் திரும்பிப் பார்த்தது.

கூட்டத்தில் எட்டு வயசுப் பிள்ளை. பக்கத்தில் ஆறு. தேர் வடத்தைப் பிடித்து இழுக்கிறவர்களின் கால்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போது பந்தலுக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அறிவிப்பாளர் படித்தார். “மூணாறிலிருந்து வந்த இந்து என்ற எட்டு வயதுச் சிறுமி, தெருக்கோடியில் உள்ள போலீஸ் உதவி மையத்தில் இருக்கிறாள். தகப்பனார் உடனே வரவும்.”

வேல்முருகன் பாய்ந்தார். சின்னையன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“அது மூணாத்துப் புள்ளைங்க! நம்ம புள்ள இல்லீங்க. பதறாதீங்க. வாங்க, நாம ஆத்தங்கரையில தேடலாம்.”

“இல்லீங்க, அதுதானுங்க…”

“பேரு ஒண்ணா இருந்தா ஆயிருமுங்களா? ஊரு வேறயில்லீங்களா?”

“அதும் என்ற புள்ளதானுங்க!”

சின்னையனின் பிடி இறுகியது. முகத்தில் இருந்த இரக்கம் மெல்ல வடிந்தது. “பொள்ளாச்சின்னீங்க. வீதி கேட்டா தூங்கிட்டீங்க. இப்ப மூணாத்துப் புள்ளைய உங்குளுதுங்கறீங்க. நடங்க. நானும் வரனுங்க.”

உதவி மையத்தில் மேஜைக்குப் பின்னால் ஜின்சி என்ற பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு இந்து ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேல்முருகனுக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் சின்னையன் முந்திக்கொண்டார்.

“மேடம், இவரு பொள்ளாச்சிங்க. மூணாத்துப் புள்ளைய என்ற புள்ளைங்கறாருங்க. நல்லா விசாரிங்க.”

ஜின்சி எழுந்தார். “சேட்டன் இந்தக் குட்டியோட அப்பாவா?”

“ஆமாங்க மேடம்.”

“ஊரு பொள்ளாச்சியா, மூணாறா?”

“மூணாறுங்க. பொள்ளாச்சின்னு சும்மா சொன்னதுங்க.”

“சும்மா ஆராவது ஊரை மாத்திச் சொல்லுவாங்களா? ஆதார் உண்டா?”

ஆதார் சித்ராவின் பையில் இருந்தது. சித்ரா அடுத்த தெருவில் இருந்தாள். போன் அடித்தார். செண்டைச் சத்தத்தில் அவள் எங்கே எடுக்கப்போகிறாள்?

“பொள்ளாச்சி வேல்முருகன்னு மைக்ல சொன்னப்ப, அவரோட மகள் நீயான்னு குட்டிகிட்ட கேட்டேன். இல்லைன்னு சொன்னா” என்ற ஜின்சி குனிந்து, “மோளே, இது ஆரு?” என்று கேட்டார்.

“கண்ணு, அப்பாவப் பாருங்க” என்றார் வேல்முருகன், முகமெல்லாம் சிரிப்பாக. “வாங்க கண்ணு, ஊட்டுக்குப் போலாமுங்க.”

இந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஐஸ் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

“எங்கிட்ட இவ்வளவு நேரம் நல்லா வர்த்தமானம் பறஞ்ச குட்டி, இவரைக் கண்டதும் வாயை மூடிடுச்சு” என்றார் ஜின்சி. அவர் குரல் மாறியிருந்தது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. இரண்டு இளைஞர்கள் போனை உயர்த்திப் பிடித்தார்கள். யாரோ, “பிள்ளை பிடிக்கிறவனா?” என்று கேட்டார். சின்னையன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

உயர்ந்த போன்களை வேல்முருகன் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவ்வளவுதான். மேஜைமேல் இருந்த கைமைக் எப்படி அவர் கைக்கு வந்தது, யார் அதை அழுத்தினார்கள் என்று அவருக்கே தெரியாது.

“ஏ இந்து! இங்கிட்டு வாடீ ஏந் தங்கம்! ஒங்காத்தா அங்கிட்டு அழுதுக்கிட்டே தேடுறா, நீ என்னத்தா இம்புட்டு நேரமா இங்கன உக்காந்து ஐஸு தின்னுக்கிட்டு இருக்க? ஒங்கப்பன் நாந்தேன்டீ! அம்புட்டுப் பேரும் என்னையக் களவாணிங்குறாக, நீயாச்சும் சொல்லுடீ!”

குரல் நாலு தெருவையும் தாண்டி ஆற்றங்கரை வரை போய் மோதித் திரும்பியது. ஒரு விநாடி செண்டைகூட நின்றமாதிரி இருந்தது.

இந்து நாற்காலியிலிருந்து குதித்தாள். ஐஸ் எங்கோ பறந்தது. ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, திரும்பி, முகமெல்லாம் மலர்ந்துபோய்க் கத்தினாள். “ஆன்ட்டி! எங்கப்பா வந்துட்டாரு!”

கூட்டம் சிரித்தது. போன்கள் எல்லாவற்றையும் படம்பிடித்துக்கொண்டன. வேல்முருகன் அவற்றைக் கவனிக்கவே இல்லை, மகளின் தலையில் முகத்தைப் புதைத்திருந்தார். அடுத்த தெருவிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த சித்ரா, “ஒங்க சத்தம் கேட்டுத்தேன் ஓடியாந்தேன்” என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

சின்னையன் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். “ஏனுங்க, இவ்ளோ அழகாப் பேசறீங்க. எதுக்குங்க பஸ்ஸுல தூங்குனீங்க?” என்றார். கட்டிலிருந்து நாலு முருங்கைக்காயை உருவி சித்ராவின் பையில் செருகினார்.

ஜின்சி ஒரு தாளில் வேல்முருகனின் கையெழுத்தை வாங்கினார். கையெழுத்துப் போட்ட தெம்பில் வேல்முருகனுக்குத் தகப்பன் அதிகாரம் திரும்பி வந்தது. மகளின் காதைச் செல்லமாகத் திருகினார்.

“கூட்டத்துல கைய விட்டுட்டு இப்பிடித் தொலைஞ்சு போகலாமாடீ? அப்பனுக்கு உசுரே போயிருச்சு.”

“குட்டியைத் திட்டாதீங்க சேட்டா, அவ தொலையலை” என்றார் ஜின்சி, தாளை மடித்துக்கொண்டே. “அவளே நேரா இங்க நடந்து வந்து, எங்கப்பாவைக் காணோம்னு கம்ப்ளெயின்ட் தந்தா. எங்க வச்சுக் காணாமப் போனாருன்னு கேட்டேன். ‘காலையில பஸ்ஸுல ஏம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இருக்கும்போதே காணாமப் போயிட்டாரு’ன்னு சொன்னா.”