ஒத்தையடி அண்ணாச்சியும் பத்து மாம்பழமும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் ஏழு மைல். அந்த ஏழு மைலை இருபது மைலாக நீட்டத் தெரிந்த மனுஷர் பூலோகத்தில் ஒருத்தர்தான் பிறந்தார். அவர் எங்கள் ஒத்தையடி அண்ணாச்சி. இல்லை என்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், நான் தயார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. கோர்ட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட மட்டும் அது பயன்பட்டது. மற்றபடி ஊர் முழுக்க ஒத்தையடிதான். இந்த நூற்றாண்டு பிறந்து பல்கூட முளைக்காத காலம் அது. எங்கள் ஊரில் சைக்கிள் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் தேரோடும் வீதியில் நாலு பேர் பார்க்க மணியடித்துக்கொண்டு வலம் வருவார்கள். அண்ணாச்சி, சீமைக்குக் கப்பலேறிய ஒரு பாதிரியார் விட்டுப்போன சைக்கிளைக் கைக்கொண்ட மறுநாளே அதை ரோட்டை விட்டுக் கீழே இறக்கினார். கண்மாய்க்கரை, ஆடு போகிற தடம், காய்ந்த ஓடை, விறகுக்காரர்கள் மலையிலிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை, இவற்றில்தான் அவருடைய சக்கரம் உருளும்.

நாங்கள் இருவரும் ஒரே வக்கீலிடம் குமாஸ்தாக்கள். நான் உட்கார்ந்து நகல் எழுதுகிறவன். அவர் கட்சிக்காரர்களுக்குக் காகிதம் கொண்டு போய்க் கொடுத்து வருகிறவர். வக்கீலுக்கு மூக்கின் மேல் கோபம்.

"ஏன்யா, காலையில ஆறு மணிக்குப் பொறப்பட்ட ஆளு, ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி கையில உச்சிப்பொழுதுலயா காயிதத்தக் குடுக்கது? ரோட்டுக்கு என்னய்யா ஆச்சு?"

"ரோடு அப்படியேதான் இருக்கு எசமான். நான்தான் அதுல போகல."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் மைக்கூட்டைப் பார்ப்பேன்.

எங்கள் பக்கத்துக் கருவேல முள்ளுக்கும் அவருடைய டயருக்கும் பூர்வ ஜென்மப் பகை. ஒரு நாளைக்கு ஐந்து தரம் காற்றுப் போனது. பார்த்தார் மனுஷர். உள்ளேயிருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டயருக்குள் வைக்கோலைப் பிரிபிரியாகத் திணித்துவிட்டார். முள் தோற்றது. ஆனால் மாடு ஜெயித்தது. மம்சாபுரத்தில் ஒரு வேப்பமரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு நீர்மோர் குடித்துத் திரும்பினால், ஒரு செவலைப் பசு முன்சக்கரத்தைப் பாதி தின்று முடித்திருந்தது. மிச்சத்தையாவது காப்பாற்ற அவர் டயரின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுக்க, பசு மறுபக்கத்தை விடாமல் இழுக்க, ஊரே கூடிச் சிரித்ததாம்.

ராஜபாளையத்து நாய்களின் சங்கதி வேறு. வெள்ளை வெளேரென்று, சின்னக் கன்றுக்குட்டி உயரத்தில் பாய்ந்து வரும். அண்ணாச்சி இறங்கி நின்று, "கூச்சோரா, கூச்சோ!" என்று தெலுங்கில் அதட்டுவார். அந்த வீடுகளில் பேசுகிற பாஷை அதுதானே, நாய்க்கும் அதுதான் தெரியும் என்பது அவர் கணக்கு. சில நாய்கள் உட்காரும். உட்காராத நாய்கள் எத்தனை என்பது அவருடைய வேட்டியைப் பார்த்தாலே தெரியும்.

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வே, சரளைக்கல்லுல சக்கரம் ஏறும்போது கடலை வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும் பாரும். அதக் கேட்டுக்கிட்டே போனா, ஓடைக்கு அங்கிட்டு ஒரு பட்டி இருக்கும். அங்கன ஒரு ஊரு இருக்குன்னு நமக்கும் தெரியாது, நம்ம ஊரு இருக்குன்னு அவியளுக்கும் தெரியாது. ஆனா நம்மளப் பாத்ததும் சிரிக்காவ. மோரு தாராவ. வீட்டுக்குப் போனா எனக்குச் செவுருதாம்வே இருக்கு."

அவர் சம்சாரம் தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. அதற்கப்புறம்தான் சைக்கிள். இது தெரியாமலா நான் கேட்டேன்? தெரிந்துதான் கேட்டேன். வாலிபத்தில் நாக்குக்குப் பூட்டுக் கிடையாது.

மலையடிவாரம் வரை அவருக்குத் தெரியாத பட்டி இல்லை என்று ஆன பிற்பாடு, வம்பு வேறு ரூபத்தில் வந்தது. எங்கள் தெருவில் ஒரு சாவு. ஊரூராக நடந்து போய் உறவுக்காரர்களுக்கு இழவு சொல்கிறவனுக்குக் காலில் ஆணி. பிணத்தை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் காத்திருப்பது? "அண்ணாச்சி, நீங்க செத்த நேரத்துல போயிருவியளே" என்று கையைப் பிடித்தார்கள். போனார். சாயங்காலத்துக்குள் நாலு பட்டிகளிலிருந்து ஜனம் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். அப்புறம் யார் வீட்டில் யார் கண்ணை மூடினாலும், நாடிக்கட்டுக் கட்டுகிறதுக்கு முன்னால் அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இல்லை என்று சொல்ல அந்த வாய்க்குத் தெரியாது.

ஆறே மாசம். காட்டுப்பாதையில் சைக்கிள் தலை தெரிந்தால் போதும், பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வர ஆரம்பித்தார்கள். "யாரு? யாரு போயிட்டா?"

இதற்கு உச்சகட்டமாக ஒன்று நடந்தது. மலையடிவாரத்துப் பட்டி ஒன்றிலிருந்து ஒருவர், மஞ்சள்காமாலைக்கு மருந்து சாப்பிட எங்கள் ஊர் மடவார் வளாகத்தில் ஒரு வைத்தியர் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அண்ணாச்சிக்கு இந்த விவரமே தெரியாது. ஓடைத்தடம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க அந்தப் பட்டிப் பக்கம் சைக்கிளை விட்டிருக்கிறார். அந்த மனுஷரின் பெண்சாதி பார்த்துவிட்டாள். குடத்தைப் போட்டுவிட்டு, மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள்.

"ஏம்மா, அழாதீய! நான் சும்மாத்தான் வந்தேன்!"

"இந்தக் காட்டுக்குச் சும்மா யாருய்யா வருவா? மறைக்காமச் சொல்லும்!"

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல, பக்குவமாக மறைக்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வண்டி நிறைய ஜனம் ஒப்பாரி வைத்துக்கொண்டு கோடித்துணியோடு மடவார் வளாகம் போய் இறங்கியது. செத்தவர் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் கையில் அந்தக் கோடித்துணியோடு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். "எங்கவே அந்த ஒத்தையடி? என் கோடிய நானே கட்டிக்கிட்டுத் திரியவா?" என்று அவர் குதித்த குதிப்பில், காமாலை போன இடம் தெரியவில்லை. வக்கீல்கூடச் சிரித்தார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

சாவுச் செய்தி இல்லை என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று சைக்கிளின் கைப்பிடியில் அரளிப்பூச் சரம் சுற்றிப் பார்த்தார். "பாடைக்குக் கட்டின பூவுல மிச்சம் போல" என்றார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு போய்ப் பார்த்தார். அவர் குரலுக்கு அது ஒப்பாரி போலவே இருந்தது. மோர் தந்த வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன.

"எனக்கு மோரு வேண்டாம்வே. என்னயப் பாத்து யாராவது சிரிச்சாப் போதும்" என்றார். நாற்பது வயசு மனுஷர் கண் கலங்கிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தரம்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். இனி யாருக்கும் இழவு சொல்லப் போவதில்லை. தெருவே திட்டியது. அவர் அசையவில்லை. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை சும்மா போனார், சும்மா வந்தார். சும்மாவே வருகிற மனுஷர்தான் என்று ஜனங்கள் நம்ப முழுசாக ஒரு வருஷம் பிடித்தது. ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்குள் நுழையும்போதே, "மம்சாபுரத்துக்கு அங்கிட்டு ஒரு அம்மா மோரு குடுத்தாவவே! சிரிச்சிக்கிட்டே குடுத்தாவ!" என்றார். உத்தியோக உயர்வு வந்தவன்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

அதற்கு அடுத்த வைகாசியில் என் அம்மா செத்துப்போனாள்.

காலையில் எழுந்து கோலம் போட்டவள், ஏழு மணிக்கு இல்லை. எங்கள் வழக்கப்படி தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். நான் மூத்தவன். என் தம்பியோ செண்பகத்தோப்பையும் தாண்டி வெகு தூரத்தில், மலையடியில், ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பழக்காலம் முழுக்க அங்கேயே குடிசை போட்டுக் கிடக்கிறான். அக்கினி வெயில், பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மாட்டுவண்டி சுற்றிப் போய் அவனைக் கூட்டிவர இருட்டிவிடும். நடந்து போனாலும் அதே கதைதான்.

அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார். நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் ஒரு வருஷம் தவம் கிடந்து வாங்கின மோர் அது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், கூச்சமில்லாமல் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, என் தம்பி வரணும்."

அவர் என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். "அழாதேயும்வே. கூட்டியாந்திருதேன்" என்றார்.

வழியில் ஒவ்வொரு பட்டியிலும் அவர் என்ன செய்தார் தெரியுமா? தூரத்திலேயே கையை ஆட்டி, "மாம்பழம் வாங்கப் போறேன்! மாம்பழம் வாங்கப் போறேன்!" என்று கத்திக்கொண்டே போயிருக்கிறார். ஜனங்களும் சிரித்துக் கையாட்டியிருக்கிறார்கள். தோப்பில் என் தம்பியிடம், "உம்ம அம்மாவுக்கு மாம்பழம் திங்கணும்னு ஆசை வந்துட்டுது. நல்ல பழமா பத்து பறிச்சுக்கிட்டு ஏறும்" என்றாராம். அவனை முன்கம்பியில் உட்கார வைத்து, துண்டில் கட்டிய பழங்களை அவன் மடியில் வைத்து, பள்ளம் மேடெல்லாம் மிதித்து, திரும்பி வருகிற வழியெல்லாம் "வாங்கியாச்சு! வாங்கியாச்சு!" என்று கத்தியிருக்கிறார்.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்கள். தாய் செத்த வீட்டுக்குள் என் தம்பி மடி நிறைய மாம்பழத்தோடு நுழைந்தான். அத்தை ஒருத்தி, "ஏலே, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சாலே?" என்று கத்தினாள். அவன் பழங்களை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அண்ணாச்சி வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். முள் கிழித்து அவருடைய பாதமெல்லாம் ரத்தம்.

கொள்ளி நேரத்துக்கு வைத்தாகிவிட்டது. மறுநாளே அந்தப் பட்டிகளிலிருந்து எங்கள் உறவுக்காரர்கள் கேதம் கேட்க வந்தார்கள். "நேத்து மாம்பழம்னுல்லா சொல்லிக்கிட்டுப் போனாரு!" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதோடு முடிந்தது. சும்மா வந்தேன் என்றாலும், பழம் வாங்க வந்தேன் என்றாலும், இனி அந்தப் பக்கத்தில் ஒரு ஜீவனும் நம்பாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. சைக்கிள் ஆபீஸ் கொல்லையில் சாத்தியபடியே துருப்பிடித்தது. ராஜபாளையத்துக்குக் காகிதம் கொண்டு போக மற்றவர்களைப் போல வண்டியேறி ரோட்டில் போய் வந்தார். வக்கீலுக்கு ரொம்பத் திருப்தி. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில், பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தம்பியும் நானும் தனியாக இருந்தபோது அவன் சொன்னான்:

"ஓடைக்கு அங்கிட்டுச் சைக்கிளப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே, அம்மா இல்லன்னு. அவரு மாம்பழம்னாரு. வாய் சிரிக்குது, கண்ணு அங்கிட்டு மரத்தப் பாக்குது. இம்புட்டுப் பாடுபட்டுப் பொய் சொல்லுத மனுசன்கிட்டப் போயி, எனக்குத் தெரியும்னு எப்பிடிண்ணே சொல்ல? மரத்துல ஏறி, அம்மா திங்கத்தான் போறான்னே நெனச்சு, நல்லதாப் பாத்துப் பறிச்சேன்."

இதை நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வைகாசியிலும், ஆபீஸ் பூட்டுகிற சாயங்கால நேரத்தில், அவர் என் பக்கத்தில் வந்து நிற்பார்.

"ஏம்வே, வாசலுக்கு வந்து சேர்ற வரைக்கும் உம்ம தம்பிக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது அண்ணாச்சி. மாம்பழத்துக்குத்தான் கூப்பிடுதாவன்னு சந்தோசமா வந்தானாம்."

"அப்பாடா" என்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். பதினோரு வருஷம் கேட்டார். பதினோரு வருஷமும் இதையே சொன்னேன்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இந்த வைகாசியிலும் ஆபீசைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியதும் நான் உடனே வீட்டுக்குப் புறப்படுவதில்லை. கேட்க வருவார் என்று செத்த நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.