வெள்ளித் தட்டும் ஆறு முட்டைகளும்

மதிப்பிற்குரிய ................ அவர்களுக்கு,

புள்ளிகளுக்கு மன்னிக்கவும். அந்த இடத்தில் முதலில் ‘ஐயா’ என்று எழுதினேன். விடுப்பு விண்ணப்பம் போல் இருந்தது. ‘சார்’ என்று மாற்றினேன். வகுப்புக்கு வெளியே நிற்பது போல் இருந்தது. மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. அதை எழுத எனக்கு இன்னும் உரிமை வரவில்லை. ஆகவே புள்ளிகள்.

நான் நலம். தாங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். (அத்தை விஷயத்தில் குழப்பமில்லை. முதல் நாளே அவர்கள் சொல்லிவிட்டார்கள்: “அம்மான்னு கூப்பிடாதப்பா, ஏதோ வயசாயிட்ட மாதிரி இருக்கு. அத்தைன்னே கூப்பிடு.” அப்போது நீங்கள் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினீர்கள். கொஞ்சம் சத்தமாக.)

போன ஞாயிற்றுக்கிழமை மாலை அலமாரியின் முன்னால் நெடுநேரம் நின்றீர்கள். பிறகு சொன்னது இவ்வளவுதான்: “என்ன செஞ்சீங்களோ, ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன, முடிவு.” முப்பத்திரண்டு வருடம் வேதியியல் கற்பித்த வாய். மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிறேன்.

நோக்கம்: தங்கள் மகளைத் திருமணம் செய்துகொள்வது.

தேவையான பொருள்கள் என்று நான் நினைத்திருந்தவை வேறு. ஒரு வேலை: அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஒரு பட்டம்: இலக்கியம். தேய்த்த சட்டை ஒன்று. இவை எதையும் நீங்கள் பார்க்கவில்லை. முதல் சந்திப்பில் என் எதிரே உட்கார்ந்து, தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டு, கேட்டீர்கள்:

“உப்பு இருக்கு. அதுல ஒருத்தன் குடுக்கிறான், இன்னொருத்தன் வாங்கிக்கிறான். அதுல பிணைப்பு. தண்ணி இருக்கு. அதுல ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிறாங்க. உலோகத்துல எல்லாரும் தன்னோடதைப் பொதுவுல போட்டுடறாங்க, யாருது எதுன்னு கணக்கே கிடையாது. நீங்க எந்த மாதிரி?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உங்கள் மகள் கதவோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலோடு வந்தீர்கள். சாம்பல் நிறத்தில் என்னவோ ஒன்று அதில் பாதி வரை இருந்தது.

“உப்பு, மணல், இரும்புத்தூள். பிரிச்சுக் கொண்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

அறைக்குப் போனதும் பாட்டிலை ஒரு காகிதத்தில் கவிழ்த்தேன். பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தைக் குவியலுக்குள் விட்டேன். இரும்பு ஓடி வந்தது. அழகாக இருந்தது. பிறகு போக மறுத்தது. காந்தத்துக்குத் தாடி முளைத்த மாதிரி. உதறினேன், ஊதினேன், சீப்பால் வாரினேன். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிவிட்டுத்தான் நுழைக்க வேண்டும், காகிதத்தை உருவினால் தூள் தானாக உதிரும், இது ஆறாம் வகுப்புப் பாடம் என்று உங்கள் மகள் பிறகு சொன்னாள். ஆறாம் வகுப்பில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் குழாயைத் திறந்து, தாடியைத் தேய்த்துக் கழுவி, வந்த தூளை ஒரு தட்டில் காயவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் தட்டில் இரும்பு இல்லை. செம்பழுப்பாக வேறு ஏதோ இருந்தது.

மணலும் உப்பும் பரவாயில்லை. நீரில் கரைத்துக் கைக்குட்டையில் வடிகட்டினேன். நீரைச் சுண்டக் காய்ச்சினேன். கடைசி நிமிடத்தில் உப்பு வெடித்து, துள்ளி, சுவரிலும் என் மூக்குக் கண்ணாடியிலும் ஒட்டியது. ஒட்டாத மிச்சத்தைச் சேர்த்தேன்.

மூன்று பொட்டலங்கள். உப்பு, மணல், துரு.

இந்தத் துருதான் எல்லாவற்றுக்கும் காரணம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் வந்தேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுத் தையல்கார அம்மா சாவியோடு வந்தார். “உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கேன். ஊர்ல இருந்து வர்ற வழியில பஸ் நின்னுடுச்சாம். ரெண்டு மணி நேரம் ஆகுமாம். உள்ள உட்காருங்க. எதையும் தொட வேணாம்னு சார் சொல்லச் சொன்னார்.” கடைசி வாக்கியத்தை அவர் திரும்பி நடந்துகொண்டே சொன்னார். எனக்குக் கேட்டது. கேட்டது என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

உட்கார்ந்தேன். கையில் துரு. கூடத்தில் சுவர்க்கடிகாரம். எதிரே அலமாரி. இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே, சிறிய மரத்தாங்கியில், உள்ளங்கையை விடச் சற்றே பெரிய தட்டு ஒன்று. கரி போல் கறுத்திருந்தது. ஓய்வு பெற்ற அன்று மாணவர்கள் கொடுத்த வெள்ளித் தட்டு என்று உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள். விரலால் தடவினால் எழுத்துகள் தட்டுப்பட்டன. படிக்க முடியவில்லை. மாணவர்கள் அன்போடு பொறித்தது இப்படி மறைந்து கிடக்கிறதே என்று இருந்தது. அதோடு இன்னொரு நினைப்பும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்: துருவை நீட்டும்போது பின்னால் ஒரு தட்டு பளபளத்தால் நல்லது.

வீட்டுக்குறிப்பு நூல் ஒன்றைப் போன மாதம் திருத்தியிருந்தேன். அதில் உண்டு. அலுமினியத் தாளைப் பாத்திரத்தில் விரித்து, சமையல் சோடாவும் உப்பும் போட்டு, கொதிநீர் ஊற்றி, கறுத்த வெள்ளியைத் தாளின் மேல் படும்படி வைக்க வேண்டும். வெள்ளியைப் பிடித்திருக்கும் கந்தகம் அதை விட்டுவிட்டு அலுமினியத்திடம் போய்விடும். அத்தையின் அடுக்களையில் எல்லாமே இருந்தன. அந்தக் குறிப்பின் கடைசி வரி, ‘எழுத்துப் பொறித்த பொருள்களுக்கு இம்முறை வேண்டாம்’ என்பது. அது அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. நான்தான் வெட்டினேன்.

ஐந்து நிமிடம். அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. தாள் கறுத்தது, தட்டு வெளுத்தது. எடுத்துப் பார்த்தேன். நிலா மாதிரி இருந்தது என்று எழுத மாட்டேன்; அச்சகத்தில் அந்த உவமையைக் கண்டால் அடித்துவிடுவேன். வெள்ளையாக இருந்தது. முழுக்க வெள்ளை. எழுத்தும் வெள்ளை, தட்டும் வெள்ளை. எழுத்தின் பள்ளத்தில் இருந்த கறுப்பும் போய்விட்டது. சாய்த்துப் பார்த்தேன், ஜன்னலோரம் கொண்டுபோனேன், மூச்சுவிட்டுப் பார்த்தேன், ஏதோ கீறல் போல் மூன்று வரி, அவ்வளவுதான், ஒரு மனிதர் முப்பத்திரண்டு வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்னதுக்குக் கிடைச்ச ஒரே சாட்சியை அஞ்சு நிமிஷத்துல கழுவிட்டேன், துருவை மன்னிச்சாலும் இதை மன்னிக்க மாட்டார், பொண்ணு கேட்டு வந்தவன் பொன்னான தட்டைக் கெடுத்துட்டுப் போனான்னு அந்தத் தெருவே சொல்லும், ஓடிடலாமா, ஓடினா சாவியை யார்கிட்ட குடுக்கிறது என்றெல்லாம் நினைத்துக்கொண்டே உங்கள் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“தட்டு வெள்ளையாயிடுச்சு” என்றேன்.

பஸ்ஸுக்குள் யாரோ இருமினார்கள். “எந்த சாம்பிள் மேடம்?” என்றாள்.

“மேடமா? நான்தான். அப்பாவோட தட்டு. எழுத்தைக் காணோம்.”

“புரியுது மேடம். கறுப்பு போயிடுச்சு. திரும்பக் கறுக்கணும். அதானே?”

பக்கத்தில் உங்கள் குரல். “யாரு?”

“எங்க லேப்லப்பா. வெள்ளி சாம்பிள் ஒண்ணு. கறுக்க வைக்கணுமாம்.”

அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பது அந்த நிமிடம் எனக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது.

“கந்தகம் இருக்கான்னு கேளு” என்றீர்கள்.

“கந்தகம் இருக்கா மேடம்?”

“உங்க அடுக்களையிலயா?”

“இல்லையாம்பா.”

“முட்டையாவது கிடைக்குமா? நல்லா வேகட்டும். இருபது நிமிஷம். மஞ்சள் கருவைச் சுத்திப் பச்சையாப் படியணும், அதுதான் அடையாளம். சூடு ஆறுறதுக்குள்ள நசுக்கி, மூடி போட்ட டப்பாவில வெள்ளியோட சேர்த்து வைக்கச் சொல்லு. கறுத்ததும் எடுத்து அப்படியே வச்சுடணும். துடைக்கக் கூடாது. எழுதிக்கச் சொல்லு. துடைக்கவே கூடாது.”

எழுதிக்கொண்டேன். உங்கள் தட்டைக் காப்பாற்றும் முறையை உங்களிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே அறிவியல் குறிப்பு அது.

முனைக்கடையில் ஆறு முட்டை வாங்கி வரும்போது தையல்கார அம்மா பார்த்தார். “பசிக்குதா?” என்றார். “தட்டுக்கு” என்றேன். அவர் ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டு, “நல்ல இடம்தான் பார்த்திருக்கா” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். உங்கள் மகளைப் பாராட்டினாரா, என்னைப் பற்றிக் கவலைப்பட்டாரா, தெரியவில்லை.

இருபது நிமிடம். ஆறும் வெந்தன; நசுக்க நான்கு முட்டைகள் போதுமானதாக இருந்தன. டப்பாவை அடிக்கடி திறந்து பார்த்தேன்: தட்டு முதலில் மஞ்சள், பிறகு ஊதா, பிறகு கறுப்பு. வீடு முழுக்க நாற்றம். ஆனால் எழுத்து இப்போதும் தெரியவில்லை. கறுப்பில் கறுப்பு. இங்கேதான் நான் உங்கள் சொல்லை மீறினேன். பரிசோதனைக் கூடத்துக்குத் துடைக்காமல் இருக்கலாம். எனக்கு எழுத்து வேண்டுமே. சட்டை நுனியில் பல்பொடி தொட்டு மேற்பரப்பை மட்டும் மெல்லத் தேய்த்தேன். மேடு வெளுத்தது, பள்ளத்தில் கறுப்பு தங்கியது. ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது:

எங்கள் அன்பு இயற்பியல் ஆசிரியருக்கு
முப்பத்திரண்டு ஆண்டுகளுக்காக
என்றும் நன்றியுடன், மாணவர்கள்

மூன்றே வரி. நல்ல சிக்கனம். தொழில் பழக்கத்தில் இரண்டு முறை படித்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. கூடத்தின் எந்த மூலையில் நின்றாலும் படிக்க முடிந்தது. அலமாரியில் வைத்தேன். கொஞ்சம் முன்னால் தள்ளி.

காண்பன: நீங்கள் வந்தீர்கள். அத்தை மூக்கைச் சுளித்து ஜன்னல்களைத் திறந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு முட்டைகளைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் மிளகுத்தூள் எடுத்து வந்தார்கள். நான் பொட்டலங்களை நீட்டினேன். “இது என்ன?” என்றீர்கள். இரும்பு என்றேன். “இருந்துச்சு” என்றீர்கள். பிறகு ஒரு முட்டையைப் பிளந்து, கருவைச் சுற்றிய பச்சை வளையத்தைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். பிறகு அலமாரியைப் பார்த்தீர்கள். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அதாவது, ஒன்றும் நடக்கவில்லை. நின்றீர்கள்.

அறிவன: அன்று கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரிகிறது. நான் உப்பு இல்லை. உப்பை அடித்தால் நொறுங்கிவிடும். உலோகத்தை அடித்தால் தட்டையாகும், வளையும், கறுக்கும், வெளுக்கும், ஆனாலும் சேர்ந்தே இருக்கும். இந்த வாரம் முழுவதும் என்னை நானே அடித்துப் பார்த்துவிட்டேன். உலோகம் என்றே நினைக்கிறேன். தங்கம் என்று சொல்லவில்லை. அலுமினியம் மாதிரி ஏதோ ஒன்று. அடுத்தவர் கறுப்பை வாங்கிக்கொள்ளும்.

முடிவு என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை எழுத வேண்டியவர் நீங்கள். தட்டின் எழுத்துகள் பழையபடி, இல்லை, பழையதை விடத் தெளிவாக இருக்கின்றன என்பது ஒன்றே என் ஆறுதல். அதையாவது கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

அத்தைக்கு என் வணக்கம். அலுமினியத் தாள் ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். தங்கள் உடம்பும் மனமும் ஒருபோதும் கறுக்காமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
பிழை திருத்துபவன்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறையை ஒட்டும் முன் உங்கள் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். தட்டின் வாசகம் வந்த இடத்தில் நின்றாள்.

“எங்கப்பா என்ன வாத்தியார்?”

“வேதியியல்.”

“இங்க என்ன எழுதியிருக்கே?”

மூன்றாம் முறை படித்தேன். ஒற்று சரியாகத்தான் இருந்தது.

நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் தட்டைக் கறுப்பாகவே பார்த்தவள் அவள். உடனே அத்தையை அழைத்தாள். அத்தை சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரே நாளில் ஓய்வு பெற்றவர்கள் இரண்டு பேராம். நீங்களும், ஆடி ஆடி நடப்பதால் ‘ஊசல்’ என்று மாணவர்கள் அழைத்த இயற்பியல் ஆசிரியரும். மேடையில் தட்டு மாறிவிட்டதாம். மாற்றிக்கொள்ள யார் யார் வீட்டுக்குப் போவது என்பதில் பேச்சு நின்றுவிட்டதாம். பார்க்க வரும் மாணவர்கள் கேட்பார்கள் என்பதால் ஒளித்து வைக்கவும் வழியில்லை. எனவே துடைக்காமல் விட்டீர்கள். காற்றில் இருக்கும் துளித் துளிக் கந்தகத்தை நம்பிக் காத்திருந்தீர்கள். இருபது வருடம். நான் ஒரு மதியத்தில் அதைக் கழுவி, படிக்க வசதியாக முன்னால் தள்ளியும் வைத்திருக்கிறேன்.

“ஞாயித்துக்கிழமை எங்க லேப் பூட்டியிருக்கும்னு அப்பாவுக்குத் தெரியாதா என்ன?” என்றும் உங்கள் மகள் கேட்டாள். அப்படியென்றால் பஸ்ஸில் சொன்ன ‘துடைக்கவே கூடாது’ எனக்காகத்தான்.

அப்போது நீங்கள் அத்தையிடமிருந்து தொலைபேசியை வாங்கினீர்கள். எனக்கும் கேட்டது. “அவனை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. தட்டைப் பழையபடி கறுக்க வச்சுட்டுப் போகட்டும். முட்டை நான் வாங்கி வைக்கிறேன். துணியை மட்டும் அவன் கண்ணுல காட்டாதீங்க.”

‘அவர்’ இல்லை. ‘அவன்.’ இரண்டு முறை. உங்கள் மகளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

எனவே கடிதத்தின் முதல் வரியில் உள்ள புள்ளிகளை அப்படியே விட்டு அனுப்புகிறேன். அந்தச் சொல்லை அவசரப்பட்டுத் தாளில் எழுதாமல், ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று நேரில்தான் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன், மாமா.