காதில் வைத்த பேனா

கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் பேனா மாஸ்டர் வந்து இறங்கிய நாளிலிருந்து நூலக நாற்காலிகளுக்கு நல்ல ஓய்வு. வரிசை மாடிப்படியில் தொடங்கித் தெருமுனை வரை நின்றது. மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். நீங்கள் எழுதும் பேனாவைக் காதோரம் வைத்துக் கேட்பார். உங்கள் மூளை திறக்கும் நேரத்தைச் சீட்டில் எழுதித் தருவார். அந்த நாற்பத்தெட்டு நிமிடம் படித்தால் போதும். மற்ற நேரத்தில் படித்தால், படித்தது வழிந்து ஓடிவிடுமாம். மூளைக்கு முன்னால் பர்ஸ் திறக்க வேண்டும் என்பது அங்கே விதி.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு பிற்பகல் மூன்று பத்து முதல் மூன்று ஐம்பத்தெட்டு வரை என்று சீட்டு கிடைத்தது. ஏற்கெனவே இரண்டு பாடங்களில் தவறியவன். இன்னும் ஒன்று போனால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள். காலையிலேயே மல்லாந்து கிடந்தான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவன் அக்கா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அன்று அவளுக்கு விடுமுறை.

"என்னடா, படிக்கலையா?"

"இன்னும் திறக்கலக்கா."

"எது, கடையா?"

"மூளை."

"சரி, நேத்து திறந்தப்ப என்ன உள்ள போச்சு? புத்தகத்தப் பாக்காம சொல்லு."

தம்பி பாடத்தின் தலைப்பைச் சொன்னான். அதற்கு மேல் ஒரு வரியும் உள்ளே போயிருக்கவில்லை.

"அவர் எத்தன பேருக்குச் சொல்லியிருக்காரு தெரியுமாக்கா?"

"எங்க கூடத்துல மெஷினுக்கே, விடை தெரிஞ்ச ரத்தத்தக் கொடுத்துப் பாத்துட்டுத்தான் நம்புவோம். உன் மாஸ்டர் மெஷின விட ஒசத்தியா? கெளம்பு."

இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக் கையை நீட்டினார். மேசைமேல் அவர் சீட்டு எழுதும் பேனா கிடந்தது. மூடி முழுக்க அவருடைய பல் தடம். அக்கா அதையே எடுத்து அவர் கையில் வைத்தாள். வரிசை பார்த்துக்கொண்டே இருந்தது.

"இந்தப் பேனாக்காரர் எப்படின்னு சொல்லுங்க."

மாஸ்டர் அதைக் காதோரம் வைத்துக் கேட்டார். முகம் சுளித்தார்.

"சுத்தச் சோம்பேறியோட பேனாம்மா இது. படிப்பு ஏறாது. புளுகு மட்டும் சரளமா வரும்."

"கண்ணத் திறந்து பாருங்க."

திறந்தார். பல் தடத்தைப் பார்த்தார். மாடிப்படி அதிரச் சிரித்தது கூட்டம். பாவம், மாஸ்டர் அந்த மாடியில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"அப்ப என் பென்சிலக் கேட்டுப் பாக்கறீங்களா மாஸ்டர்?" என்றான் பின்னால் நின்ற ஒருவன். இப்படிப்பட்டவர்களால்தான் மாடிக்கு வாடகை கிடைக்கிறது.

"எப்ப ஆரம்பிக்கறதுக்கா?" என்றான் தம்பி, படியிறங்கும்போது.

"மணி பதினொண்ணு. பதினொண்ணுக்கே ஆரம்பி. ஒரு மணி நேரம் படி. மூடி வச்சுட்டு எழுதிப் பாரு. வராதத மட்டும் திரும்பப் படி."

முதல் நாள் அரைப் பக்கம்தான் வந்தது. பன்னிரண்டாம் நாள் எழுதி எழுதிக் கை வலித்தது. முதல் வகுப்பெல்லாம் இல்லை. தேறினான், கல்லூரியில் இருக்கிறான்.

மாஸ்டர் இப்போது வேறொரு பின்வாசலில் அளவுகோலை முகர்ந்து பார்க்கிறாராம். உங்கள் தெருவுக்கும் வருவார். அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு பாடத்தை முடித்துவிடலாம். இதை எந்தப் பேனாவும் சொல்லாது. நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.