ஒடிந்த காதுக்கு ஒரு கும்பிடு

பதுளையில் காது கேட்காதவர்கள் பல பேர் இருக்கலாம்; காதைத் தவிர வேறெதையும் பேசாதவர் சைக்கிள் கடை 'காது மாஸ்டர்' ஒருவர்தான். அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காதாம். "இன்னும் முடியலையா?" என்று யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பார்.

அவர் பேசுகிற காது வேறு. பின்சக்கரத்துப் பக்கத்தில், செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிவிடுகிற கியர் தொங்குமே, அதைத் தாங்குகிற சின்னத் தகடு. அதன் சரித்திரத்தைக் கேட்காமல் அங்கே டியூபுக்குக் காற்றுக்கூட அடிக்க முடியாது. ஆதியில் காது தனித் தகடாம். சக்கர அச்சோடு சேர்த்து இறுக்குவது. பிறகு ஃபிரேமோடேயே வைத்துச் செய்தார்கள். காது போனால் ஃபிரேமும் போச்சு. அப்புறம்தான் யாரோ புண்ணியவான் கழற்றி மாட்டுகிற காதைக் கண்டுபிடித்தான். விழுந்தால் அது முதலில் ஒடிந்து மற்றதைக் காப்பாற்றும். இப்போது காதே கிடையாதாம், கியரே ஃபிரேமை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்கிறதாம். அதைப் போனில் பார்த்த அன்றைக்கு மனுசன் சோறு சாப்பிடவில்லை. "காதே இல்லாட்டி அது யாரு பேச்சக் கேக்குங்க?" என்றார்.

பெட்ரோல் கிடைக்காத அந்த மாதங்களில்தான் எனக்கு ஸ்பிரிங்வேலியில் பெண் பார்க்க ஏற்பாடானது. எனக்கு முந்தி இரண்டு மாப்பிள்ளைமார் வண்டியில்லை என்று வராமல் போயிருந்தார்கள். பத்து மணிக்குள் இவரும் வராவிட்டால் இனி யாரையும் கூப்பிட வேண்டாம் என்று பெண்ணே சொல்லிவிட்டதாகத் தகவல். ஜப்பானிலிருந்து வந்த பழைய கியர் சைக்கிளில், வெள்ளைச் சட்டையோடு கிளம்பி, மாஸ்டர் கடை முன்னாலேயே, ரோட்டோரத்தில் காய்ந்து கிடந்த கானுக்குள் விழுந்தேன். காது இரண்டாக ஒடிந்தது. கியரில்லாமல் ஸ்பிரிங்வேலி மலையேற்றத்தை நான் ஏறி முடிக்க மறுநாள் ஆகும்.

மாஸ்டர் ஒடிந்த துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தர்மவான்ங்க. தான் செத்து கியரக் காப்பாத்திட்டான்."

"மாஸ்டர், பொண்ணு வீட்டுல காத்திருக்காங்க."

சொன்னது வலது பக்கம். சுற்றி ஓடிப்போய் மறுபடி சொன்னேன்.

என் சைக்கிளுக்குப் பொருந்துகிற காது ஊரிலேயே இல்லை. ஒடிந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய ஆதிகாலத்துக் காதை எடுத்துவந்தார். யாரையும் தொடவிடாத காது. அதை அச்சோடு வைத்து இறுக்கி, கியரை மாட்டி, மிதித்துக் காட்டினார். செயின் பல்லுக்குப் பல் ஒழுங்காக ஏறியது.

திருப்பிக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டேன்.

"பொண்ணு சரின்னா வச்சுக்குங்க. வேணாம்னா கொண்டாந்துருங்க."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்தவள் என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, "சைக்கிள்லயா வந்தீங்க?" என்று கேட்டாள். அந்தக் குரலிலேயே சம்மதம் தெரிந்தது.

கல்யாணப் பத்திரிகையோடு கடைக்குப் போனேன். கூச்சமாக இருந்ததால் நன்றியை அவருடைய கேட்காத பக்கமாகச் சொன்னேன்.

தலை நிமிராமலே, "இருக்கட்டுங்க" என்றார்.